வெள்ளைக் கொக்கும் கடல் மிருகமும்

வள்ளி திருமணம் நாடகத்தில் தினைப்புனக் காட்சி வரும். பயிரைத் தின்ன வரும் பறவைகளை விரட்டுகிற இடம். 1920களிலும் 30களிலும் எஸ்.எஸ். விஸ்வநாததாஸ் முருகன் வேடம் கட்டிய மேடைகளில், அந்த இடத்தில் வெள்ளைக் கொக்குகளைப் பற்றி ஒரு பாட்டு கிளம்பும். மேலோட்டமாகக் கேட்டால் பறவையைப் பற்றிய பாட்டுதான். ஆனால் கொட்டகையே எழுந்து ஆர்ப்பரிக்கும். அந்தக் கொக்கு எந்தச் சீமையிலிருந்து வந்தது, எதைத் தின்கிறது என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. குறிப்பெடுக்க வந்திருந்த போலீஸ்காரருக்கும் தெரியும். அதனால்தான் தாஸ் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனார். 1940-ல் சென்னையில் மேடையிலேயே, முருகன் வேடத்திலேயே, அவர் உயிர் பிரிந்தது.

அந்தக் கொட்டகைகளில் தரையில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள். இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. ஒரு படத்தின், ஒரு நாவலின் உள்ளே இருக்கும் அரசியல் மக்களுக்குப் பிடிபடவில்லை என்று பேச்சு வந்தால், உடனே சொல்லப்படும் பதில், ‘நம்ம ஜனங்களுக்கு ரசனை போதாது, படிப்பு போதாது’ என்பதுதான். எனக்கு இந்தப் பதிலில் துளியும் நம்பிக்கை இல்லை. படிப்புதான் காரணம் என்றால் அந்தக் கொட்டகையில் ஒருவருக்கும் ஒன்றும் புரிந்திருக்கக் கூடாது. இன்றைக்குப் பட்டதாரிகள் நிறைந்த அரங்கில் அதே பாட்டைப் பாடினால், பலர் அதைக் கொக்கைப் பற்றிய பாட்டாகத்தான் கேட்பார்கள். அறிவு குறைந்துவிட்டதாலா? அப்படி இல்லை. வேறொன்று நடந்திருக்கிறது. அதைத்தான் பொறுமையாகப் பேசிப் பார்க்கலாம். டீயை ஆற்றிக்கொண்டே கேளுங்கள், கொஞ்சம் நீளமாகப் போகும்.

உட்பொருள் படத்துக்குள் முழுசாக இருப்பதில்லை. சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட்டைக் கிழித்து ஒரு பாதியை வைத்துக்கொண்டு மறுபாதியைக் கையில் கொடுப்பார்களே, அந்த மாதிரி. ஒரு பாதி திரையில் இருக்கிறது. இன்னொரு பாதி பார்ப்பவரின் நினைவில் இருக்கிறது: அவர் பட்டது, அந்த வருஷம் செய்தித்தாளில் படித்தது, வீட்டில் பெரியவர்கள் பயந்து பயந்து பேசியது. இரண்டும் பொருந்தினால்தான் பொருள் வரும். காலம் தாண்டும்போதும் கடல் தாண்டும்போதும் திரையில் உள்ள பாதி பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நினைவில் உள்ள பாதி பயணம் செய்வதில்லை.

இதற்கு நான் அறிந்தவரை மிகத் தெளிவான உதாரணம் காட்ஸில்லா. ஆமாம், அந்தப் பெரிய பல்லிதான். கட்டடங்களை மிதிக்கும், வாயிலிருந்து நெருப்பை ஊதும், குழந்தைகளுக்குப் பொம்மையாகக் கிடைக்கும், அதேதான். அதன் முதல் படத்தை ஜப்பானியர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால், பிறகு அந்தப் பொம்மையைக் கையில் எடுக்கவே மனசு கொஞ்சம் யோசிக்கும்.

1954 மார்ச் 1. பசிபிக் கடலில் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. எதிர்பார்த்ததைவிட இரண்டரை மடங்கு பெரிதாக வெடித்தது. 15 மெகாடன், ஹிரோஷிமாவில் போட்டதைப்போல ஆயிரம் மடங்கு. அபாயப் பகுதி என்று அறிவித்திருந்த எல்லைக்கு வெளியே ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகு சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்தது. ஐந்தாம் அதிர்ஷ்ட டிராகன் என்பது அதன் பெயர். 23 பேர் இருந்தார்கள். மேற்கே சூரியன் உதித்ததுபோல ஒரு வெளிச்சம். சில மணி நேரம் கழித்து வானத்திலிருந்து வெள்ளைச் சாம்பல் பெய்தது, படகின் மேல், மீனின் மேல், அவர்களின் தலைமுடியின் மேல். இரண்டு வாரம் கழித்து அவர்கள் யாய்சு துறைமுகத்துக்குத் திரும்பியபோது தோல் கருத்து, முடி கொட்டத் தொடங்கியிருந்தது. அவர்கள் கொண்டுவந்த மீன் சந்தைக்குப் போய்விட்டது. ஜப்பான் முழுவதும் மீன் வாங்கவே பயந்தார்கள். மீன் இல்லாத ஜப்பானிய அடுப்படியை நினைத்துப் பாருங்கள். ஹைட்ரஜன் குண்டுக்கு எதிராக வீடு வீடாகக் கையெழுத்து வாங்கத் தொடங்கிய பெண்களின் இயக்கம், அடுத்த ஆண்டுக்குள் 3 கோடிக்கும் மேலான கையெழுத்துகளைச் சேர்த்தது. ஏப்ரல் 2-ல் நம் நாடாளுமன்றத்தில் நேரு எழுந்து, அணுகுண்டுச் சோதனைகளை எல்லா நாடுகளும் நிறுத்திவைக்க வேண்டும் என்று கேட்டதும் இதன் தொடர்ச்சியாகத்தான். செப்டம்பர் 23-ல் அந்தப் படகின் வானொலி இயக்குநர் ஐகிச்சி குபோயாமா இறந்தார்.

ஆறு வாரம்கூட முழுசாகப் போகவில்லை. நவம்பர் 3-ல் ‘கோஜிரா’ வெளியானது. நாம் காட்ஸில்லா என்று சொல்வதன் ஜப்பானியப் பெயர் அது. இயக்கியவர் இஷிரோ ஹோண்டா. போர் முடிந்து சீனாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் இடிபாடுகளைக் கண்ணால் பார்த்தவர்.

இப்போது படத்தின் முதல் காட்சிக்கு வாருங்கள். கடலில் ஒரு கப்பல். வேலை ஓய்ந்த மாலுமிகள் மேல்தளத்தில் உட்கார்ந்து வாத்தியம் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று கடலில் கண்ணைக் கூசவைக்கும் ஒரு வெளிச்சம். கப்பல் தீப்பிடித்து மூழ்குகிறது. கரையில் உறவினர்கள் அலுவலகத்தை முற்றுகையிட்டு, எங்கள் வீட்டு ஆட்கள் என்ன ஆனார்கள் என்று கேட்கிறார்கள். 1954 நவம்பரில் டோக்கியோவில் அரங்கில் உட்கார்ந்திருந்தவருக்கு இது உருவகமா? அவர் காலையில் படித்த செய்தி அது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ரயிலில் வேலைக்குப் போகும் ஒரு பெண், நாகசாகியில் தப்பிப் பிழைத்துவந்து இதற்கா என்று அலுத்துக்கொள்கிறாள். நாடாளுமன்றக் கூட்டத்தில், மிருகத்தின் உண்மையை வெளியே சொன்னால் வெளிநாட்டு உறவு கெடும், மக்கள் பீதியடைவார்கள் என்று ஒரு தரப்பும், உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும் என்று பெண் உறுப்பினர்களும் கத்திக்கொள்கிறார்கள். போருக்குப் பின் வந்த அமெரிக்க ஆட்சி 1952-ல் முடியும்வரை ஜப்பானியப் பத்திரிகைகளால் அணுகுண்டின் விளைவுகளைப் பற்றித் தாராளமாக எழுத முடியாமல் இருந்தது. அந்த மௌனத்தின் கசப்பு அந்தச் சண்டையில் இருக்கிறது.

பிறகு மிருகம் டோக்கியோவுக்குள் வருகிறது. இரவு. நகரம் முழுக்க நெருப்பு. ஒரு தாய் தன் குழந்தைகளை அணைத்தபடி தெருவோரத்தில் ஒடுங்கி, சீக்கிரம் அப்பாவிடம் போய்விடலாம் என்கிறாள். அப்பா போரில் செத்துப்போனவர் என்பது யாருக்கும் விளக்க வேண்டாத விஷயம். 1945 மார்ச் 10 இரவில் அமெரிக்க விமானங்கள் போட்ட தீக்குண்டுகளில் அதே நகரத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் எரிந்து இறந்திருந்தார்கள். அரங்கில் இருந்தவர்கள் அந்த இரவைத் தாண்டி வந்தவர்கள். மறுநாள் காலைக் காட்சியில் மருத்துவமனைத் தரையெல்லாம் காயம்பட்டவர்கள் கிடக்கிறார்கள். விஞ்ஞானி ஒருவர் கதிர்வீச்சு அளக்கும் கருவியைக் குழந்தையிடம் நீட்டுகிறார், கருவி இரைகிறது, அவர் தலையை அசைக்கிறார். வசனமே இல்லை. கடைசியில் மிருகத்தைக் கொல்லக்கூடிய ஆயுதத்தைக் கண்டுபிடித்த விஞ்ஞானி செரிசாவா, அது அரசுகளின் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று அஞ்சி, குறிப்புகளை எரித்துவிட்டு, கடலுக்கடியில் மிருகத்தோடு தானும் இறந்துபோகிறார். மூத்த பேராசிரியர் யமானே வெற்றியைக் கொண்டாடவில்லை. குண்டுச் சோதனைகள் தொடர்ந்தால் இன்னொன்று வரும் என்ற கவலையோடு படம் முடிகிறது.

இதில் உட்பொருள் என்று தனியாக ஏதாவது இருக்கிறதா சொல்லுங்கள். அன்றைய ஜப்பானியருக்கு எல்லாமே மேற்பொருள்தான். 96 லட்சம் பேர் அதைத் திரையரங்கில் பார்த்தார்கள்.

படம் கடல் கடந்தது. 1956-ல் அமெரிக்க விநியோகஸ்தர்கள் அதை வெட்டினார்கள். ரேமண்ட் பர் என்ற நடிகரை வைத்துப் புதிய காட்சிகள் எடுத்தார்கள். அவர் டோக்கியோவில் மாட்டிக்கொண்ட அமெரிக்கப் பத்திரிகையாளர், சன்னலோரம் நின்று அழிவை வர்ணிப்பவர். 96 நிமிடப் படம் 80 நிமிடமாயிற்று. ரயில் பெண்ணின் நாகசாகிப் பேச்சு போனது. நாடாளுமன்றச் சண்டை போனது. கடைசி எச்சரிக்கையும் போனது. அதற்குப் பதிலாக உலகம் நிம்மதிப் பெருமூச்சு விடுவதாக முடித்தார்கள். ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலான நாடுகளுக்குப் போனது இந்தப் படம்தான். மூலப் படம் அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாக வெளிவர 2004 ஆயிற்று.

ஆகவே ரசிகர்கள் தவறவிடுவதற்கு முதல் காரணமே, பல நேரங்களில் அவர்கள் கைக்கு வருவதற்கு முன்பே அது எடுக்கப்பட்டுவிடுகிறது என்பதுதான். இதைச் சொல்லாமல் ரசிகரைக் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் வெட்டாமலே விட்டிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? ஓஹையோ மாநிலத்துப் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு யாய்சு துறைமுகம் தெரியாது. சூரை மீன் பீதி தெரியாது. தன் நாட்டு விமானங்கள் டோக்கியோவை எரித்தது வெற்றிச் செய்தியாகத்தான் வீட்டில் பேசப்பட்டிருக்கும். அவன் கையில் பாதி டிக்கெட் இல்லை. ஜப்பானிலேயே அடுத்த பத்து பதினைந்து ஆண்டுகளில் அது தேய்ந்துவிட்டது. 1967-ல் காட்ஸில்லாவுக்குக் குட்டி பிறந்து, அது குழந்தைகளின் விடுமுறைப் படமாகிவிட்டது. மிருகப் படம் என்ற பெயர்ப்பலகை மாட்டியபிறகு, அந்தப் பலகையே நமக்கு எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. சிரிக்க வந்தவர் சிரிக்கத்தான் இடம் தேடுவார்.

தமிழ் படிப்பவர்களுக்கு இது புதிய விஷயம் இல்லை. சங்கப் பாட்டில் உள்ளுறை என்று ஒன்று உண்டு. மருதத்தில் எருமை பொய்கைக்குள் இறங்கித் தாமரையைக் கலைக்கும். தோழி சொல்வது எருமையைப் பற்றி. கேட்கும் தலைவனுக்குத் தெரியும், பரத்தை வீட்டுக்குப் போய்வந்த தன்னைத்தான் சொல்கிறாள் என்று. திணையின் மரபு தெரிந்தவருக்கு அது கன்னத்தில் விழுந்த அறை. தெரியாதவருக்கு நல்லதொரு வயற்காட்சி. உரைகாரர்கள் இல்லையென்றால் நமக்கு எருமை மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

இதன் மறுபக்கத்தையும் நம் ஊரே காட்டியிருக்கிறது. 1958-ல் ‘நாடோடி மன்னன்’ தொடங்கும்போதே ஓர் ஆணும் பெண்ணும் தி.மு.க. கொடியைத் தூக்கிப் பிடிக்கும் நிறுவனச் சின்னம் திரையில் வரும். படம் என்னவோ ராஜா ராணிக் கதை. ‘சக்கரவர்த்தித் திருமக’ளில் எம்.ஜி.ஆர் பாத்திரத்தின் பெயர் உதயசூரியன். வசனத்தில் ‘அண்ணா’ என்ற சொல் யார் யாரைக் கூப்பிடுவதற்காக வந்தாலும் கொட்டகை அதிரும். 1966-ல் ‘அன்பே வா’ பாட்டில் ‘உதய’ என்ற சொல்லை மாற்றிப் ‘புதிய’ என்று வைக்க வேண்டி வந்தது. கேட்டவர்கள் பழைய சொல்லைத்தான் காதில் வாங்கினார்கள். தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்த ரசிகர் காலையில் படிப்பகத்தில் முரசொலி பத்திரிகையைப் படிக்கக் கேட்டவர், மாலையில் பொதுக்கூட்டத்தில் நின்றவர். டிக்கெட்டின் மறுபாதி அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது.

இனிமேல் சொல்லப்போவது கொஞ்சம் சிக்கல். உருவகம் என்று தெரிந்தும் தவறவிடுவது. ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாளியை விரட்டிவிட்டு விலங்குகளே பண்ணையை நடத்தும் கதை. பள்ளியில் படித்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள், நெப்போலியன் பன்றி ஸ்டாலின், ஸ்னோபால் டிராட்ஸ்கி. சரிதான். அத்தோடு புத்தகத்தை மூடிவிடுவார்கள். ஆனால் கடைசிக் காட்சியை யோசியுங்கள். பண்ணை வீட்டுக்குள் பன்றிகளும் மனிதர்களும் சீட்டு விளையாடுகிறார்கள். வெளியே நிற்கும் விலங்குகளுக்கு இருதரப்பு முகத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்த மனிதர்கள் யார்? பக்கத்துப் பண்ணை முதலாளிகள். பன்றிகள் கெட்டுப்போனதற்கு ஆர்வெல் வைத்த அளவுகோலே அவர்கள் மனிதர்களைப்போல ஆனார்கள் என்பதுதான். பீகாரின் மோதிஹாரியில் பிறந்து, பர்மாவில் ஏகாதிபத்தியத்தின் போலீஸ் உடுப்பை மாட்டி வெறுத்து, ஸ்பெயினில் குடியரசின் பக்கம் நின்று கழுத்தில் குண்டு வாங்கியவர் அவர். சாகும்வரை தன்னை ஜனநாயக சோஷலிஸ்ட் என்றே சொல்லிக்கொண்டார். புத்தகம் 1945 ஆகஸ்டில் வந்தது. பனிப்போர் தொடங்கியதும் அதன் ஒரு பாதியை மட்டும் உலகத்துக்குப் படித்துக் காட்டினார்கள்.

‘கோஜிரா’ வந்த அதே 1954-ல் இந்தக் கதையும் கார்ட்டூன் படமாயிற்று. தயாரித்தது லண்டனின் ஹாலஸ் அண்ட் பேட்ச்லர் நிறுவனம். பணம் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவிலிருந்து மறைமுகமாக வந்தது என்பது பின்னால் வெளிப்பட்டது. முடிவு மாறியது. கடைசி விருந்தில் மனிதர்களைக் காணோம், பன்றிகள் மட்டும். விலங்குகள் சேர்ந்துவந்து பன்றிகளைத் தாக்குகின்றன. முதலாளியின் முகம் கண்ணாடியிலிருந்து துடைக்கப்பட்டுவிட்டது. வகுப்பறையில் இந்தப் படத்தைப் பார்த்துப் பாடம் படித்த பிள்ளைகள் உருவகத்தைப் புரிந்துகொண்டோம் என்ற திருப்தியோடு வெளியே வந்தார்கள். என்னைக் கேட்டால், ஒன்றுமே புரியாமல் வருவதைவிட இது ஆபத்து. பாதி விடை கிடைத்தவர் மறுபடி கேள்வி கேட்பதில்லை.

அடுத்தது, பார்க்கும் சுகம். கண்டிப்பதற்காகக் காட்டப்படுவதும் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கிறது. 1997-ல் வந்த ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ இதற்குப் பேர்போன உதாரணம். பால் வெர்ஹோவன் இயக்கியது. அவர் 1938-ல் பிறந்த டச்சுக்காரர், நாஜி ஆக்கிரமிப்பில் இருந்த ஹேக் நகரில் சிறு பிள்ளையாக வளர்ந்தவர். எதிர்காலத்தில் ஒரு உலக அரசு. பட்டாளத்துக்குப் போய்வந்தவருக்குத்தான் ஓட்டுரிமை. அழகான இளைஞர்கள் வேற்றுக்கிரகப் பூச்சிகளோடு போருக்குப் போகிறார்கள். தொடக்கத்தில் வரும் பிரச்சாரச் சுருளை ஹிட்லர் காலத்துப் படமான ‘மன உறுதியின் வெற்றி’யைப் பார்த்து அமைத்திருந்தார். உளவுத்துறை அதிகாரியின் நீளக் கறுப்புக் கோட்டு கெஸ்டபோவை அப்படியே நினைவூட்டும். இதைவிட எப்படிச் சொல்ல முடியும்? ஆனாலும் அப்போது அமெரிக்க விமர்சகர்கள் சிலரே இது பாசிசத்தைப் புகழும் படம் என்று கோபப்பட்டார்கள். வேறு பலர் பூச்சியைச் சுடும் படம் என்று ரசித்துவிட்டுப் போனார்கள்.

படத்துக்குள் சின்னச் சின்னதாக இரண்டு செய்திகள் இருக்கின்றன. பூச்சிகளின் எல்லைக்குள் முதலில் போய்க் குடியேறியவர்கள் மனிதர்கள்தான் என்பது ஒன்று. நாம் அவற்றின் இடத்தில் நுழைந்ததால்தான் இது தொடங்கியது என்று சிலர் சொல்கிறார்களே என ஒரு செய்தியாளர் கேட்பது இன்னொன்று. நாயகன் அதைக் காதிலேயே வாங்காமல் எல்லாவற்றையும் கொல்ல வேண்டும் என்கிறான். அந்த வினாடியில் நாமும் அவனோடு சேர்ந்துகொள்கிறோம், ஏனென்றால் அவன் ஊர் அழிந்ததை இப்போதுதான் பார்த்தோம், அவன் அம்மா அப்பா செத்துப்போனார்கள். யாருடைய கண் வழியாகப் பார்க்கிறோமோ அவருடைய கோபம் நம்முடையதாகிவிடுகிறது. வெர்ஹோவனின் துணிச்சலே இதுதான்: பிரச்சாரம் எப்படி வேலை செய்கிறது என்று பாடம் நடத்தாமல், நம் மேலேயே அதை வேலை செய்யவிட்டார். அதனால்தான் பலருக்குப் பிடிபடவில்லை. படத்தின் பலமும் படத்தின் சிக்கலும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

சரி, மற்றவர்களின் படத்தைப் பற்றிப் பேசுவது எளிது. நம் படத்துக்கு வருவோம். ‘ரோஜா’, 1992 ஆகஸ்ட் 15. சுதந்திர தினத்தன்று வெளியீடு. காஷ்மீரில் தீவிரவாதிகளிடம் சிக்கிய நாயகன் எரியும் தேசியக் கொடியின் மேல் தன் உடம்பால் பாய்ந்து தீயை அணைப்பான். தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் அப்போது எழுந்த கைதட்டலை அந்தத் தலைமுறை மறந்திருக்காது. தேசிய ஒருமைப்பாட்டுக்கான தேசிய விருதும் கிடைத்தது. இதில் அரசியல் இருக்கிறதா என்று அன்று கேட்டிருந்தால், என்ன அரசியல், நாட்டுப்பற்று என்றிருப்பார்கள். அதே காட்சியில் ஒட்டி ஒட்டிக் காட்டப்படும் இன்னொரு படிமத்தைக் கவனித்தவர்கள் குறைவு: நாயகன் அடிபட்டுக்கொண்டிருக்க, தீவிரவாதி அமைதியாகத் தொழுதுகொண்டிருப்பான். பிரார்த்தனை செய்யும் முஸ்லிம் என்ற உருவத்தையும் வன்முறையையும் ஒரே மூச்சில் தைத்துவிடும் படத்தொகுப்பு அது. 1994-ல் தேஜஸ்வினி நிரஞ்சனா இந்தப் படத்தைப் பற்றி விரிவாக எழுதி விவாதத்தைக் கிளப்பினார். யாருடைய தேசம், யார் அதில் சாதாரண மனிதராகவும் யார் பிரச்சினையாகவும் காட்டப்படுகிறார்கள் என்பது அவர் கேள்வி. காஷ்மீரிகள் ஏன் கோபமாக இருக்கிறார்கள் என்று படம் கேட்கவே இல்லை. நாமும் கேட்கவில்லை, ஏனென்றால் கதை நம் ஊர்ப் பெண்ணின் கண் வழியாகப் போகிறது. சுந்தரபாண்டியபுரத்து வயலில் ஓடிய பெண் கணவனைத் தேடி அலையும்போது, நமக்கு வேறு யாருடைய வீட்டையும் எட்டிப்பார்க்கத் தோன்றுவதில்லை.

படத்தை எடுத்தவர் திட்டமிட்டுச் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. இந்த வகையில் திட்டம் தேவையே இல்லை. நாம் ஏற்கெனவே நம்புவதை ஒரு படம் சொல்லும்போது அது நமக்கு அரசியலாகவே தெரிவதில்லை, இயல்பாகத் தெரிகிறது. நாம் நம்பாததைச் சொல்லும் படத்தைத்தான் ‘படத்துல எதுக்குய்யா அரசியல்’ என்று கேட்கிறோம். பெரிய வீட்டு முன் ஊரே கைகட்டி நிற்கும் கிராமத்துப் படங்களை எத்தனை ஆண்டுகள் மண்வாசனை என்று மட்டும் சொல்லிப் பார்த்திருக்கிறோம்! கைகட்டி நிற்கும் வரிசையிலிருந்து கேமரா கிளம்பிய அன்றுதான் பலருக்குச் சினிமாவில் சாதி ‘நுழைந்தது’. அந்தக் காட்சியில் அது எப்போதும் நின்றுகொண்டேதான் இருந்தது. தவறவிடுதலில் இந்த வகைதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. மற்றவற்றுக்கு வரலாற்றைப் படித்தால் போதும், இதற்குத் தன்னையே கொஞ்சம் எதிர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இல்லாததை எல்லாம் இருப்பதாகச் சொல்லும் பழக்கமும் உண்டே என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலில் வரும் மோதிரத்தை அணுகுண்டு என்று பலர் அடித்துச் சொன்னார்கள். அவர் இரண்டாம் பதிப்பின் முன்னுரையிலேயே மறுத்தார். கதையின் அடிப்படை அணுகுண்டைப் பற்றி உலகம் கேள்விப்படுவதற்கு முன்பே உருவாகிவிட்டது. நான் வைத்துக்கொள்ளும் சோதனை எளிமையானது. நாம் சொல்லும் பொருள், படத்தில் உள்ள சின்ன விவரங்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். ‘கோஜிரா’ ஏன் நகரத்தில் தொடங்காமல் கடலில், ஒரு வெளிச்சத்தில் தொடங்குகிறது? இந்தக் கேள்விக்கு ஐந்தாம் அதிர்ஷ்ட டிராகன் பதில் சொல்கிறது. அந்த மாதிரிப் பதில் வராவிட்டால் நம் விளக்கத்தைச் சந்தேகப்படுவது நல்லது. அதற்கு முதலில் பார்க்க வேண்டியது படம் வந்த தேதி. அந்த மாதம் அந்த ஊரில் ஜனங்கள் எதற்குப் பயந்தார்கள் என்று தேடிப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். அடுத்து, கதையில் யாருடைய வீட்டுக்குள் கேமரா போகவே இல்லை என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னபிறகு, என் பேச்சுக்குள் முழுதாக அடங்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1952-ல் ‘ஹை நூன்’ என்றொரு அமெரிக்கப் படம் வந்தது. கேரி கூப்பர் ஒரு சிற்றூரின் காவல் அதிகாரி. பகல் பன்னிரண்டு மணி ரயிலில் கொலைகாரன் வருகிறான். அதிகாரி உதவி கேட்டு வீடு வீடாக, தேவாலயம்வரை போகிறார். ஊரே கதவைச் சாத்திக்கொள்கிறது. திரைக்கதை எழுதிய கார்ல் ஃபோர்மன், படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த 1951-ல் கம்யூனிஸ்டுகளைத் தேடும் நாடாளுமன்றக் குழுவால் அழைக்கப்பட்டார். பழைய தோழர்களின் பெயர்களைச் சொல்ல மறுத்தார். கூட வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். கதவு சாத்தியவர்கள் யார் என்று அவருக்குத் தெரியும். படம் வந்தபோது அவர் கறுப்புப் பட்டியலில் இருந்தார், பிழைக்க இங்கிலாந்து போயிருந்தார். ரசிகர்களில் மிகப் பெரும்பாலோர் பார்த்தது துப்பாக்கிச் சண்டை உள்ள ஒரு நல்ல கவ்பாய் படம்.

1989 ஜூன் 4. போலந்தில் தேர்தல். கம்யூனிஸ்ட் அரசுக்கு எதிராக சாலிடாரிட்டி தொழிற்சங்க இயக்கம் நிற்கிறது. அன்று காலை சுவர்களில் ஒரு போஸ்டர். தொமாஸ் சார்நெட்ஸ்கி என்ற இளம் ஓவியர் வடிவமைத்தது. ‘ஹை நூன்’ கேரி கூப்பர் நம்மை நோக்கி நடந்து வருகிறார். நெஞ்சில் காவல் அதிகாரியின் நட்சத்திரத்துக்கு மேலே சாலிடாரிட்டியின் சின்னம். துப்பாக்கி இருக்க வேண்டிய கையில் மடித்த வாக்குச்சீட்டு. கம்யூனிஸ்ட் என்று வேட்டையாடப்பட்ட ஒருவர் எழுதிய உருவத்தைக் கம்யூனிஸ்ட் ஆட்சியைக் கவிழ்க்கத் துணிந்தவர்கள் கையில் எடுத்திருந்தார்கள். அந்தப் போஸ்டரைப் பார்த்துவிட்டு வாக்குச்சாவடிக்குப் போனவர்களில் எத்தனை பேருக்கு ஃபோர்மனின் பெயர் தெரிந்திருக்கும்? ஆனால் ஊர் பயந்து கதவைச் சாத்தும்போது ஒருவர் தெருவில் இறங்கி நடப்பது என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. புதிய மேலவையின் 100 இடங்களில் 99-ஐ சாலிடாரிட்டி வென்றது.